குத்தகையாளரிடம் கேட்க வேண்டிய சான்றிதழ்

தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெறும் நம் தொழிலாளர் சிலர், ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீட்டை விரிவாக்க முற்படுகின்றனர். அப்பணம் மறுமுறை வருவதன்று. அதனை எவர் கையில் ஒப்படைக்கிறோம் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் 520இன்படி, கட்டட வேலையை ஏற்கும் குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் (சி.ஐ.டி.பி.) பதிந்திருத்தல் வேண்டும். சிலர் எஸ்.எஸ்.எம். பத்திரத்தைக் காட்டி, "இதோ லைசென்ஸ்" என்பர். அது வணிகத்தைப் பதிந்ததற்கு மட்டுமே சான்று. மளிகைக்கடைக்காரரிடமும் அத்தகைய பத்திரம் உண்டல்லவா?

வாரியச் சான்றிதழில் பெயர், காலாவதி நாள், தரம் ஆகியவற்றை நோக்குக. தரங்கள் ஜி1 முதல் ஜி7 வரை உள்ளன. ஏற்கத்தக்க வேலையின் மதிப்புக்கு ஜி7 தவிர ஏனையவற்றில் உச்சவரம்பு உண்டு. நம் வீட்டின் சமையலறையை நீட்டுவதற்கு ஜி7 குத்தகையாளரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஆனால் சான்றிதழில் ஒரு பெயரும் இரசீதில் வேறொரு பெயரும் இருப்பின், முன்பணம் கொடுத்தல் கூடாது. இரவல் சான்றிதழாக இருக்கலாம்.

குத்தகையாளரின் பதிவு, ஊராட்சி மன்றத்தின் கட்டட அனுமதிக்கு ஈடாகாது. அவ்வனுமதியைத் தனியே பெறல் வேண்டும்.

வேலை பாதியில் நின்றுவிடின், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை மூன்றாண்டுகளுக்குள் நாடலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. கோரும் தொகையின் வரம்பு 2019இல் 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இரசீதின்றிக் கொடுத்த பணத்தை அங்கு மெய்ப்பித்தல் கடினம்.