உயிரியற் கல்வியும் அது காட்டும் வழிகளும்

உயர்தர வகுப்பிலே உயிரியற் பிரிவைத் தெரிந்தெடுக்கும் மாணாக்கரை நோக்கி, யாது கருதிக் கற்கின்றீர் என வினவினால், வைத்தியராதற்கே என்னும் விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். பெற்றோர் விருப்பமும் அதுவே. சுற்றத்தார் எதிர்பார்ப்பும் அதுவே. நோயுற்றாரைப் பேணும் அத்தொழிலின் மேன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அஃதொன்றே உயிரியலின் முடிபு எனக் கொண்டமையால், மருத்துவ பீடத்தின் வாயில் அடைபட்டதும் கற்றதெல்லாம் வீணாயிற்றென மனமுடையும் இளைஞரை ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர் பொருட்டே இக்கட்டுரை எழுதலானோம்.

தமிழாசிரியருக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை எனச் சிலர் கேட்கலாம். கிழக்கிலங்கையில் இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளை வளர்த்த விபுலானந்த அடிகளார், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். அவரே 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராயினார். மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். தமிழும் விஞ்ஞானமும் ஒன்றற்கொன்று அயலல்ல.

இனி, பல்கலைக்கழக அனுமதியின் முறையைச் சிறிது நோக்குவோம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் மூன்று பாடங்களிலும் பெற்ற புள்ளிகள் இசற் புள்ளியாகக் கணிக்கப்படும். விஞ்ஞானத் துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களின் குடித்தொகைக்கும், எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் உரியன. திருகோணமலையும் அம்மாவட்டங்களுள் ஒன்று. பரீட்சைக்குத் தோற்றும் வாய்ப்பு மூன்று முறையே. முதன்முறை கிடைத்த நல்ல கற்கைநெறி ஒன்றை உதறிவிட்டு, மருத்துவம் ஒன்றையே நாடி மூன்று முறையும் முயன்று, முடிவில் இரண்டும் இழந்தார் உளர். மீண்டும் முயல்வது தவறன்று. மாற்றுவழியை எண்ணாமல் முயல்வதே தவறு.

மாற்றுவழிகளோ பல. மிருக வைத்தியமும் பல் வைத்தியமும் பேராதனையிற் கற்பிக்கப்படுகின்றன. விவசாய விஞ்ஞானத்தை வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலும் பயிலலாம். சித்த மருத்துவத்தை நம் திருகோணமலை வளாகத்திலேயே பயிலலாம். தாதியியல், மருந்தாளுகை, ஆய்வுகூடத் தொழினுட்பம் ஆகியன வைத்தியசாலைக்கு இன்றியமையாதன. குருதியின் இயல்பை ஆய்ந்து கூறுவார் இன்றேல் வைத்தியர் நோயைத் துணிவது எங்ஙனம்? விலங்கியலிலும் தாவரவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றோர் ஆசிரியராகவும், விரிவுரையாளராகவும், தேயிலை, இறப்பர், தெங்கு ஆராய்ச்சி நிலையங்களில் ஆய்வாளராகவும், வனசீவராசிகள், சுற்றாடல் ஆகிய துறைகளில் உத்தியோகத்தராகவும் பணிபுரியலாம்.

இவற்றுள் நம் மாவட்டத்துக்கு மிக அண்மையது கடலைப் பற்றிய கல்வி. சல்லிக் கிராமத்துக் கரையிலே நின்று நோக்குவோம். முத்துமாரியம்மன் கோயிலுக்கு அப்பாற் பரந்து கிடக்கும் நீரே அங்குள்ளார்க்கு வயலும் வாழ்வும். நீரின் நிறத்தையும் பறவையின் போக்கையும் கண்டே மீன் வரவை அறிவார் கரைவலைத் தொழிலாளர். அவ்வறிவு தலைமுறை தலைமுறையாய்த் திரண்டது, இகழத்தக்கதன்று. ஆயின், சென்ற ஆண்டு மிகுந்த மீன் இவ்வாண்டு அருகியது ஏன்? எந்த நீளத்தில் அம்மீன் முதன்முறை சினை கொள்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பவன் விலங்கியலாளன். மீனின் செவிக்கல்லை மெல்லிதாய் அறுத்து, அதிலுள்ள வளையங்களை எண்ணி, மரத்தின் வயதைக் காண்பது போல அதன் வயதைக் காண்கின்றான். சினை கொள்ளுமுன் குஞ்சுகள் பிடிபடாவண்ணம் வலைக்கண்ணின் அளவை வரையறுப்பதற்கு அவன் கணக்கே ஆதாரம். 1981 இல் நிறுவப்பட்ட தேசிய நீரகவள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகம், அதாவது நாரா, இத்தகையோரின் பணிக்களம்.

சல்லிக்கு வடக்கே நிலாவெளிக் கடலில் உள்ளது புறாத்தீவு. 1963 இல் சரணாலயமாகிய அது 2003 இல் தேசிய பூங்காவாயிற்று. அங்குள்ள பவளம் வெறுங் கல்லன்று. நுண்ணிய விலங்குகளின் கூட்டம். அவற்றின் உடலகத்தே வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியால் உணவாக்கி ஊட்டுகின்றன. கடல் மிகவும் வெப்பமுற்றால் பாசிகள் நீங்க, பவளம் வெளிறும். வெப்பம் நீடித்தால் மாளும். 1998 இல் இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் இவ்வாறு பெரும் அழிவு நேர்ந்தது. திருகோணமலைப் பவளங்கள் அம்முறை தப்பின. அவற்றைக் காக்கும் பணிக்கு, மீனவர் மொழியை அறிந்த விஞ்ஞானி வேண்டும். சல்லிச் சிறுவனைவிட அதற்குத் தகுந்தவர் யாவர்?

மருத்துவம் படிக்காத உயிரியலாளர் உயிர் காத்ததற்குச் சான்று வேண்டுமாயின், எம். எஸ். சுவாமிநாதனைக் காண்க. 1925 இல் கும்பகோணத்தில் அறுவை வைத்தியர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தவர் அவர். தந்தையார் வழியில் மருத்துவம் பயில்வார் என்பதே வீட்டாரின் எண்ணம். திருவனந்தபுரத்தில் விலங்கியல் கற்றார். 1943 இல் வங்காளத்துப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரை மாய்த்தமை அவருள்ளத்தை வருத்தியது. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியை நாடினார். அறுபதுகளில் இந்தியாவின் கோதுமை விளைச்சல் பெருகுதற்கு உழைத்தோருள் முன்னின்றார். 1987 இல் உலக உணவுப் பரிசின் முதலாவது பேறு அவர்க்கே கிட்டியது. 2023 இல் மறையும்வரை உழவரை மறந்தாரல்லர்.

பட்டம் பெற்ற மறுநாளே உத்தியோகம் வீடு தேடி வரும் என நாம் கூறவில்லை. காத்திருக்கும் பட்டதாரிகள் பலரை யாவரும் அறிவர். ஆகவே உயிரியல் மாணவர் புள்ளிவிபரவியலையும், கணினியையும், ஆங்கிலத்தையும் உடன் பயிலுதல் வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் கற்கைநெறிகளை வரிசைப்படுத்துமுன் ஒவ்வொன்றும் யாதென ஆசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். நூலை மட்டும் ஓதாது, களப்பையும் கரையையும் கண்ணாற் கண்டு குறிப்பெடுத்தல் வேண்டும்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். வயலிலும் ஆய்வுகூடத்திலும் கடலிலும் காட்டிலும் பணிபுரிவோர் நும்முள் பலர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கல்லூரிக்கு வந்து உயர்தர வகுப்பினரோடு உரையாடுங்கள். தாம் செல்லக்கூடிய வழியில் முன்னரே நடந்த ஒருவரை நேரிற் காணும் மாணவன், ஒரு வாயில் அடைபட்டமைக்காகத் தன் கல்வியைக் கைவிடான். இவ்விழாவின் நினைவாகக் கல்லூரிக்கு அளிக்கத்தக்க கொடைகளுள் இஃது எளியது, பயனோ பெரிது.