அலுமினியத் தூளும் தொழிற்கூடப் பாதுகாப்பும்

சமையலறையில் பாத்திரமாக அடுப்பின்மேல் அச்சமின்றி வைக்கப்படும் அலுமினியம், தூளாக்கப்பட்டதும் வேறோர் இயல்பைக் காட்டுகிறது. வெள்ளிநிறப் பூச்சு, வாணவெடி, ராக்கெட்டின் திண்ம எரிபொருள் ஆகியவற்றைச் செய்ய இத்தூள் வேண்டப்படுகிறது. உலோகத்தை மெருகிடும் பட்டறைகளிலோ இது கழிவாகத் தோன்றி, கவனிப்பாரின்றிப் படிந்து கிடக்கிறது.

இம்மாறுதலுக்குக் காரணம் யாது? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள அலுமினியக் கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பக்கமுள்ள கனசதுரங்களாகப் பிரித்தால், மொத்தப் பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டராகப் பெருகும். எடை மாறுவதில்லை, ஆனால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் சந்திக்கும் பரப்பு ஆயிரம் மடங்காகிறது. ஆகவே, பாளமாக இருக்கையில் எளிதில் தீப்பற்றாத உலோகம், நுண்தூளாகக் காற்றில் பரவி நிற்கையில் ஒரு சிறு பொறியாலும் வெடித்தெரியக்கூடும்.

முதல் வெடிப்புச் சிறிதாயினும், அதன் அதிர்ச்சியால் உத்தரங்களிலும் குழாய்களிலும் படிந்துள்ள தூள் கிளம்பி, இரண்டாம் வெடிப்புக்கு இரையாகிறது. பேரழிவை விளைவிப்பது பெரும்பாலும் இவ்விரண்டாம் வெடிப்பேயாகும்.

ஈரமும் இத்தூளுக்குப் பகையே. நீருடன் வினைபுரியும்போது இது வெப்பத்தையும், எரியும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வாயுவையும் வெளிவிடுகிறது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், சீனாவின் குன்ஷான் நகரில் மோட்டார்ச் சக்கரங்களை மெருகிடும் தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்த வெடிப்பால் 146 பேர் மாண்டனர். தூள் சேகரிக்கும் கலத்தில் ஈரம்பட்ட அலுமினியத் தூள் தானே சூடேறியதே அதன் தொடக்கம் என்று விசாரணையில் தெரியவந்தது.

எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. தூள் எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சி அகற்றும் அமைப்பு இருத்தல் வேண்டும்.

2. படிந்த தூளை அழுத்தக் காற்றால் ஊதலாகாது. மென்மையான தூரிகையால், தூள் கிளம்பாதவாறு மெல்லக் கூட்டி எடுக்க வேண்டும். சாதாரண மின் உறிஞ்சியைப் பயன்படுத்தலாகாது.

3. நிலைமின்சாரம் சேராதிருக்க, இயந்திரங்களையும் கலங்களையும் நிலத்துடன் மின் தொடர்புபடுத்த வேண்டும். அள்ளும் கருவி பொறி எழுப்பாததாக இருத்தல் வேண்டும்.

4. தூளை ஈரம்புகாத மூடிய கலங்களில், அமிலம், காரம், ஆக்ஸிஜனேற்றும் உப்புகள் ஆகியவற்றினின்று விலக்கி வைக்க வேண்டும்.

5. தூளைச் சுவாசித்தல் நுரையீரலுக்குத் தீங்காதலின், தக்க முகமூடி அணிய வேண்டும்.

6. தீப்பற்றினால் நீர், நுரை, கரியமிலவாயு ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது. சிறு தீயாயின் நன்கு உலர்ந்த மணலையோ, உலோகத் தீக்கென அமைந்த உலர்தூளையோ மெதுவாகப் பரப்பி மூட வேண்டும். வேகமாக வீசினால் தூள் கிளம்பி வெடிக்கும். தீ பெரிதாயின் உடனே வெளியேறுதலே முறை.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, வெடிக்கும் தூள் சேர்வதைத் தடுக்கவும், தீமூட்டும் காரணங்களை விலக்கவும் தன் 37ஆம் பிரிவில் விதித்தது. தூள் எழாத பட்டறையை அமைத்தல் எளிதன்று. எழுந்த தூளைத் தங்கவிடாமல் நாள்தோறும் அகற்றுதல் எந்தப் பட்டறைக்கும் இயல்வதே. உத்தரத்தின் மேற்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாலே அங்குள்ள அபாயத்தை ஒருவாறு அறியலாம்.