250 கோடி டாலருக்குப் பிறகு

கேள்வி: பணமும் புகழும் குவிந்தவர்கள் ‘சந்தோஷம் இல்லை’ என்று சொல்வது, வயிறு நிறைந்தவர் பேச்சுதானே?

பதில்: கொஞ்சம் அப்படித்தான். மாதக் கடைசியில் வாடகைக்கு அல்லாடுபவருக்குப் பணம் வந்தால் நிம்மதியும் வரும். இதை மறுப்பவர் வாடகை கொடுத்துப் பழகாதவர்.

ஆனாலும் மார்க்கஸ் பெர்சன் கதை வேறு. ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை உருவாக்கிய ஸ்வீடன்காரர். 2009இல் தொடங்கியபோது ஏறக்குறைய ஒற்றை ஆளாக எழுதினார். விளையாடியவர்கள் குறை சொல்லச் சொல்லத் திருத்தினார். 2014இல் அவருடைய மொஜாங் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. பெவர்லி ஹில்ஸில் 7 கோடி டாலருக்கு வீடு வாங்கினார். அதில் ஒரு சுவர் முழுக்க மிட்டாய்!

மறு ஆண்டே ட்விட்டரில் புலம்பல். இபிசா தீவில் பிரபலங்களோடு கொண்டாட்டம், நினைத்ததைச் செய்ய வசதி. ஆனால் இத்தனை தனிமையை உணர்ந்ததே இல்லையாம். ஊருக்குப் போனாலோ, வேலையும் குடும்பமுமாக இருக்கும் நண்பர்களுக்கு எப்போது ஓய்வு கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டுமாம்.

அந்தக் காத்திருப்பில்தான் விஷயம் இருக்கிறது என்பேன். நிறுவனத்தோடு சேர்ந்து, காலையில் எழுந்ததும் செய்ய வேண்டிய வேலையும் கைமாறிவிட்டது. நண்பர்களுக்கு அது மிச்சமிருந்தது. போதாக்குறைக்கு, புதிதாக வருகிறவர் நட்புக்கு வருகிறாரா, காசுக்கு வருகிறாரா என்ற சந்தேகம் வேறு. (வாடகை பாக்கிக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது!) பெர்சனுக்காக நாம் கண்ணீர் விட வேண்டாம்; ஆனால் அவர் பொய் சொல்கிறார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.