மகரந்தக் குழலின் சுவர்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியில், வரலாறு பயிலும் நண்பரொருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மூன்று வாரமாகச் சாப்பாட்டு மணிக்குக்கூட உம்மைக் காணோம். அந்த மைக்ராஸ்கோப்புக்குள் அப்படி என்னதான் ஐயா பார்க்கிறீர்?" என்றார். "ஒரு சுவரைப் பார்க்கிறேன். கட்டக் கட்ட உடைந்து போகிறது" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வேட்டுக்குரிய காலத்தில் பெரும்பகுதி அந்தச் சுவரோடு போய்க்கொண்டிருந்தது. அன்று நடந்துகொண்டே சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன்.

சூலகமுடியில் மகரந்தம் விழுந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பள்ளியில் படித்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. சூல், சூலகத்தண்டுக்கும் கீழே இருக்கிறது. பூக்கும் செடிகளின் ஆண் செல்களுக்கோ தாமாக நீந்திச் செல்லும் ஆற்றல் இல்லை. ஆகவே மகரந்தத் துகளிலிருந்து ஒரு குழல் முளைத்து, தண்டினூடே வளர்ந்து, அவற்றைச் சூலிடம் கொண்டு சேர்க்கிறது. இத்தாலியரான அமிசி 1820-களில் பருப்புக்கீரைப் பூவில் இக்குழலைக் கண்டு எழுதினார். மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு சூலகத்தண்டே. ஒவ்வொரு மணிக்கும் ஒரு நூல். ஒவ்வொரு நூலினுள்ளும் குழல் இறங்கியாக வேண்டும். மணிக்கு 1 சென்டிமீட்டர் அளவுக்குக்கூட அது வளரும். குழல் வந்து சேராத இடம் கதிரில் பொக்கையாகவே நின்றுவிடும்.

இக்குழல் நம் தலைமுடியைப்போல் அடியிலிருந்து வளர்வதில்லை. நுனியில் மட்டுமே வளர்கிறது. உள்ளே நீரழுத்தம் எப்போதும் மிகுந்திருக்கும். நுனியில் சுவர் இளகியிருந்தால்தான் குழல் நீள முடியும். அளவுக்கு மிஞ்சி இளகினாலோ அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடும். நுனிக்குப் பின்னே சுவர் இறுகாவிட்டால் குழல் நீளாமல் பலூன்போல் வீங்கும். ஆக, சில மைக்ரான் தூரத்துக்குள் ஒரே சுவர் ஓரிடத்தில் இளகியும் அடுத்த இடத்தில் இறுகியும் இருக்க வேண்டியிருக்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இது எப்படி இயலுகிறது என்பதற்கு, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நாம் வாங்கிச் செல்கிறோமே, அந்த ஆக்ரா பேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்பூசணித் துண்டுகளைப் பாகிலிடுமுன் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். இல்லாவிட்டால் கொதிக்கும் பாகில் துண்டுகள் குழைந்துபோகும். பூசணியின் செல்சுவரில் பெக்டின் என்ற பொருள் நீண்ட சங்கிலிகளாக இருக்கிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் இரண்டு சங்கிலிகளுக்கிடையே புகுந்து பிணைத்துவிடுகிறது, துண்டு இறுகுகிறது.

மகரந்தக் குழலும் இதையேதான் செய்கிறது. நேரம் பார்த்துச் செய்கிறது என்பதுதான் வேறுபாடு. நுனிக்கு வந்து சேரும் புதுப் பெக்டினின் சங்கிலியெங்கும் மெத்தில் என்ற சிறு மூடிகள் உண்டு. மூடியுள்ள இடத்தில் கால்சியம் பிணைக்க இயலாது; சுவர் இளகியே இருக்கும். குழல் முன்னேற, நேற்றைய நுனி — இங்கே நேற்று என்பது சில நொடிகளுக்கு முன்பு — பக்கச் சுவராகிறது. அங்கே ஒரு நொதி மூடிகளைக் கழற்றுகிறது, கால்சியம் பிணைக்கிறது. அந்த நொதி நுனியிலேயே வேலையைத் தொடங்கிவிடாதபடி தடுத்து வைக்கவும் ஒரு புரதம் உண்டு. நொதியை வெளியிலிருந்து கூடுதலாக இட்டால் நுனியே தடித்து வளர்ச்சி நின்றுவிடுகிறது. அராபிடாப்சிஸ் செடியில் இவ்வகை நொதியொன்று பழுதானபோதோ குழல்கள் அடிக்கடி வெடித்தன, சூலகத்தண்டுக்குள் பின்தங்கின. இரண்டும் 2005-இல் வெளிவந்த முடிவுகள்.

இன்னும் பின்னே சென்றால் சுவரின் உட்புறம் காலோஸ் என்ற பொருள் படிகிறது. போகப்போக இடையிடையே காலோஸ் அடைப்புகளும் விழுகின்றன. கடந்துவந்த அறைகளின் கதவைச் சாத்திக்கொண்டே போவதுபோல், உயிர்ப்பொருள் முழுவதும் முன்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. அனிலின் நீலம் இட்டுப் புற ஊதா ஒளியில் பார்த்தால் இந்த அடைப்புகள் மின்னும். காணக் கண் கோடி வேண்டும் என்பேன்; நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இனி என் கதை. நித்தியகல்யாணி மகரந்தத்தை எடுத்துக்கொண்டேன். பழைய செய்முறை ஏட்டைப் பார்த்து, சர்க்கரையும் போரிக் அமிலமும் மட்டும் சேர்த்த நீரில் தூவினேன். வகுப்பில் இதே கலவையில் அழகாக முளைத்தது. இப்போதோ பெரும்பாலானவை முளைக்கவேயில்லை. முளைத்த சிலவும் வெடித்தன. மகரந்தம் செத்துவிட்டதோ என்று அஞ்சினேன். பிறகுதான் தகட்டின் ஓரத்தைக் கவனித்தேன். துகள்கள் கும்பலாக விழுந்த இடத்தில் மட்டும் குழல்கள் நீண்டிருந்தன. வகுப்பில் நாங்கள் அள்ளித் தூவினோம். இங்கே எண்ணுவதற்கு வசதியாக நான் ஒவ்வொன்றாக விலக்கித் தூவியிருந்தேன்.

ப்ரூபேக்கர், குவாக் என்ற இருவர் 1960-களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். துகள்களிலிருந்து கசியும் கால்சியமே கூட்டத்திலுள்ளவற்றைக் காப்பாற்றுகிறது. தனித்து விழுந்ததற்கு அது கிட்டுவதில்லை. (நம் சங்கத்துக்கு இதை உவமை காட்டச் செயலாளர் விரும்பக்கூடும். நான் காட்டப்போவதில்லை.) அவர்கள் வகுத்த கலவையின்படி லிட்டருக்கு 300 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட்டும் மற்ற உப்புகளும் சேர்த்தேன். அன்று மாலைக்குள் தனித்த துகள்களும் குழல் நீட்டின. ஏட்டைச் சரிபார்க்காமல் மூன்று வாரம் வீணாக்கிய குற்றம் என்னுடையதே.

வெடிப்பது எப்போதும் கேடு என்று எண்ணிவிடாதீர்கள். சூலை அடைந்து அதன் துணைச் செல்லொன்றில் நுழைந்ததும் குழல் வெடித்தே ஆக வேண்டும். அப்போதுதான் இரண்டு ஆண் செல்களும் வெளிவரும். தில்லிப் பல்கலைக் கழகத்தில் காந்தா, ரங்கசாமி, மகேஸ்வரி ஆகிய மூவர், அபினிச் செடியின் சூல்களைக் கண்ணாடிக் குழாயில் வைத்து, அவற்றின் மேலேயே மகரந்தம் தூவி விதை விளைவித்ததை 1962-இல் வெளியிட்டார்கள். முடியும் தண்டும் இல்லாமலே குழல் சூலைக் கண்டுகொண்டது. வழியில் வெடிக்காமல் குழலைக் காக்கும் புரதங்களை 2009-இல் அராபிடாப்சிஸில் கண்டார்கள். சூலிலிருந்து வரும் ஒரு சிறு புரதம் அந்தக் காவலைக் கலைக்க வல்லது என்று 2017-இல் காட்டினார்கள்.

என் தகட்டில் சூல் இல்லை. அங்கே வெடிப்பவையெல்லாம் வீண் வெடிப்புகளே. கால்சியத்தைக் குறைக்கக் குறைக்க அவை எத்தனை என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக நண்பர் சொல்லியிருக்கிறார்.