மண்ணுக்கு அடியில் மறைந்திருக்கும் நீர்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதி பரந்து விரிந்த வறண்ட சமவெளியாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் அங்கு மிகக் குறைவு. மழை பெய்தால் புல் செழித்து வளரும். ஆனால், குட்டைகள் விரைவில் வற்றிவிடும். மாடுகளோ நீர்நிலையை விட்டு நெடுந்தொலைவு சென்று மேய்வதில்லை. ஆகவே, அங்குக் குடியேறிய பண்ணையாளர்களுக்குப் புல் இருந்தும் பயனில்லாமல் போனது.

எனினும், அந்தச் சமவெளிக்கு அடியில் ஏராளமான நீர் இருந்தது. கிழக்கே உள்ள மலைத்தொடரில் பெய்யும் மழையின் ஒரு பகுதி மணற்பாறை அடுக்குகளுக்குள் இறங்கி, மிக மெதுவாக மேற்கு நோக்கி நகர்கிறது. நீர் புகாத அடுக்குகள் அதை மேலும் கீழும் மூடியுள்ளன. நீர் புகும் இடம் உயரமாக இருப்பதால், சமவெளிக்கு அடியில் அழுத்தம் மிகுகிறது. அங்கே துளையிட்டால், நீர் தானாகவே மேலே பொங்கி வரும். ‘பெரும் ஆர்ட்டீசியன் படுகை’ எனப்படும் இப்பகுதி ஏறத்தாழ 1.7 மில்லியன் சதுர கிலோமீட்டர் பரப்புடையது.

இந்நீர் இயற்கையாக வெளிவரும் ஊற்றுகளைப் பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்திருந்தனர். பண்ணையாளர்களோ 1878ஆம் ஆண்டில்தான் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முதல் ஆழ்துளைக் கிணற்றைத் தோண்டினர். அதன்பின் வறண்ட நிலமெங்கும் பண்ணைகள் பெருகின. மரீ, பேர்ட்ஸ்வில் ஆகிய ஊர்களை இணைக்கும் நீண்ட பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு ஒரு கிணறு அமைந்தது. மாட்டு மந்தைகள் ஒவ்வொரு கிணறாகக் கடந்து தொலைதூர இரயில் நிலையத்தை அடைந்தன.

தானாகப் பொங்கிய நீரை மக்கள் வற்றாத செல்வம் என்று எண்ணினர். கிணறுகளை மூடாமல், திறந்த வாய்க்கால்களில் இரவும் பகலும் ஓடவிட்டனர். அந்நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகியும் மண்ணில் கசிந்தும் வீணானது. காலப்போக்கில் அழுத்தம் குறைந்தது. பல கிணறுகளில் நீர் பொங்குவது நின்றது. பழைமையான ஊற்றுகள் சிலவும் வறண்டன.

1999ஆம் ஆண்டில் கூட்டரசும் மாநில அரசுகளும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. கிணறுகளுக்கு மூடிகள் பொருத்தப்பட்டன. வாய்க்கால்களுக்குப் பதிலாகக் குழாய்களும் தொட்டிகளும் அமைக்கப்பட்டன. செலவில் ஒரு பங்கைப் பண்ணையாளர்களும் ஏற்றனர். இதனால், சில இடங்களில் அழுத்தம் மீண்டும் உயர்ந்து வருகிறது. தொட்டிகளைத் தேவையான இடங்களில் வைக்க முடிவதால், முன்பு எட்டாத புல்வெளிகளிலும் இப்போது மாடுகள் மேய்கின்றன. குறைந்த நீரைக் கொண்டே நிலத்தைச் சிறப்பாகப் பயன்படுத்த முடியும் என்பதைப் பண்ணையாளர்கள் தாமதமாகவேனும் உணர்ந்துகொண்டனர்.