ஸ்லோவில் நிற்காத லாண்ட் ரோவர்: காபரேட்டரைக் கழற்றுமுன்

நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் ஏறி இறங்கும் பாதைகளில் பழைய லாண்ட் ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன. 1948இல் அறிமுகமான இந்தப் பிரித்தானிய வாகனத்தைத் துரைமாரின் வாகனமாகவே நாம் முன்பு கண்டோம். இன்று அது கைமாறி, இடம்பெயர்ந்து வந்து தோட்டம் செய்யும் குடும்பங்களின் போஞ்சி, கோவா மூட்டைகளைச் சுமக்கிறது. இரவில் நோயாளியையும் சுமக்கிறது.

ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் தானாக மெதுவாக ஓடுவதையே மெக்கானிக்மார் 'ஸ்லோ' என்கிறார்கள். ஸ்லோ சரியில்லை என்றால் எரிச்சல் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். இறக்கத்தில் கிளச்சை மிதித்துக் கியர் மாற்றும்போது எஞ்சின் நின்றுவிட்டால், சேர்வோ பூட்டிய வாகனத்தில் இரண்டொரு மிதிக்குப் பின் பிரேக் கல்லாகிவிடும். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியபோது, மிச்சம் பிடிக்கவென்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் சிலருக்கு வந்தது. அதை இன்றே விட்டுவிட வேண்டும்.

எங்கள் நிலையத்து வாகனமும் ஒருமுறை இப்படி நின்று நின்று ஓடியது. ஒரு கராஜில் காபரேட்டர் பழுது என்றார்கள், மாற்றினோம். காசு போனது, நோய் போகவில்லை. கடைசியில் பார்த்தால், எஞ்சினிலிருந்து பிரேக் சேர்வோவுக்குப் போகும் றப்பர் குழாயில் விரல் நீள வெடிப்பு! அன்றிலிருந்து நாங்கள் காபரேட்டரைக் கடைசியில்தான் தொடுகிறோம்.

காரணம் எளிது. காபரேட்டரின் வேலை காற்றையும் பெற்றோலையும் அளவாகக் கலப்பது. நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். ஸ்லோவில் காற்று வழி ஏறக்குறைய மூடியிருக்கும். 'ஸ்லோ ஜெட்' என்ற மிகச் சிறிய துளை வழியாகவே பெற்றோல் வரும். அந்த நேரத்தில் வேறெங்காவது களவாகக் காற்று புகுந்தால் கலவை உடனே கெட்டுவிடும். வேகமாக ஓடும்போது இதே ஓட்டை அவ்வளவாகத் தெரியாது.

ஆகவே முதலில் பொறியைப் பாருங்கள். 2¼ லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்குப் பொயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி 0.75 முதல் 0.80, டப்பட் 0.25. பிளக்கின் நிறமும் பேசும். புகைக்கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல். வெளிறியிருந்தால் காற்று கூடுதல்.

அடுத்து காற்றுக் கசிவு. சில்லுகளுக்குக் கல் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, சேர்வோக் குழாயை எஞ்சின் பக்கமாகக் குறட்டால் மெல்ல நெரியுங்கள். ஸ்லோ சீரானால் கசிவு அதற்கு அப்பால்தான் இருக்கிறது. மனிபோல்ட் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம். ஓட்டம் மாறுகிற இடமே கசிகிற இடம். சிலர் பெற்றோல் தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அது உயிருக்கு ஆபத்து. பழுதான குழாய்க்குப் பதில் தண்ணீர்க் குழாயைப் பூட்ட வேண்டாம். உறிஞ்சலில் அது ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது அழுக்கு. கானிலும் பீப்பாயிலும் வைத்த பெற்றோலில் தண்ணீரும் துருவும் சேரும். பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினால் கண்ணாலேயே காணலாம். சோக் இழுத்தால் மட்டும் எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது, கசிவும் இல்லை என்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். அதைக் கழற்றிக் காற்றடித்துத் துப்புரவாக்குங்கள். கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும். பீடியோ குப்பி விளக்கோ அருகில் இருக்கக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கரும்புகை வருகிறதா? இப்போது காபரேட்டரைத் திறக்கலாம். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் அது ஓட்டை. சனித் காபரேட்டரில் மேல்மூடி வளைந்துபோவது பலரும் அறிந்த குறை. தட்டையான கண்ணாடியில் மெல்லிய எமரித் தாளை விரித்து, பரப்பு சமமாகும்வரை தேய்த்து, புதிய வளையமும் கஸ்கட்டும் போட்டால் பெரும்பாலும் தீரும்.

மண்ணெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வடக்கில் துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள். அது கெட்டித்தனந்தான். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அப்படி ஓடிய எஞ்சின் உங்களிடம் வந்திருந்தால் ஒயிலை முகர்ந்து பார்த்து மாற்றுங்கள்.

இனி திருகாணி. எஞ்சின் சூடாக வேண்டும், சோக் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். கலவைத் திருகாணியை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கினால் நுனி கெடும். பின் எஞ்சின் ஓடும்போது கால் சுற்றுக் காலாகத் திருகி, ஓட்டம் மிகச் சீராக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். வேகம் கூடினால் மற்றத் திருகாணியால் குறைத்து, திரும்பவும் கலவையைப் பாருங்கள். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல்; அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கொழும்பில் சரிபார்த்த வாகனம் இங்கே பெற்றோல் கூடிக் கரி கக்குவது அதனால்தான். எனவே இந்தக் கடைசி வேலையை வாகனம் தினமும் ஓடும் உயரத்திலேயே செய்யுங்கள்.