பவர்பாயிண்டிலேயே எடுக்கலாம் ஒரு நிமிட அனிமேஷன் படம்

தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தீயணைப்பானை இயக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கையேடு இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. வெளியில் கொடுத்து வீடியோ எடுக்கலாம் என்றால் பட்ஜெட் இடம்கொடுக்காது. இப்படி ஒரு நேரத்தில் "நான் செய்து தருகிறேன்" என்று முன்வரும் ஊழியரை எந்த மேலாளரும் மறக்கமாட்டார். அதற்கு வேண்டிய மென்பொருள் உங்கள் மேசைக் கணினியிலேயே இருக்கிறது. அதுதான் பவர்பாயிண்ட்.

1987இல் மேகின்டாஷ் கணினிக்காக வெளிவந்தபோது அது கூட்டங்களில் காட்டும் பக்கங்களைத் தயாரிக்கும் கருவி, அவ்வளவுதான். இன்று அதில் உருவங்களை நகர்த்தலாம், சுழற்றலாம், குரல் சேர்க்கலாம், முடிவில் எம்பி4 வீடியோவாக எடுத்துவிடலாம். வெட்டிய உருவங்களை அசைத்துக் கதை சொல்வதற்கு நீண்ட மரபும் உண்டு. நம் தோல்பாவைக் கூத்தில் கைகால்கள் மூட்டோடு மூட்டாகக் கோக்கப்பட்டு அசைகின்றன. ஜெர்மனியில் லோட்டே ராய்னிகர் அட்டையில் வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டே ஒரு முழுநீளப் படம் எடுத்து 1926இல் வெளியிட்டார். பவர்பாயிண்டில் நாம் செய்யப்போவதும் இதே வகை வேலைதான்.

தீயணைப்பான் படத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

1. எழுத்தும் குரலும் முதலில்

கணினியைத் திறக்கும் முன் தாளில் எழுதுங்கள். தீயணைப்பானுக்குச் செயல்கள் நான்கு: பின்னை இழு, குழாயை நெருப்பின் அடிப்பகுதிக்குக் குறிவை, கைப்பிடியை அழுத்து, இடவலமாக வீசு. ஒரு செயலுக்கு ஒரு காட்சி. முன்னால் நெருப்பு தொடங்கும் காட்சி, பின்னால் தீயணைப்புத் துறையை அழைக்க 101 என்ற எண். ஆக ஆறு காட்சிகள்.

எழுதியதைப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது போன்ற விஷயங்களில் ஒரு சொல் தவறினாலும் ஆபத்து. படம் முடிந்த பிறகு திருத்துவதைவிடத் தாளில் திருத்துவது எளிது.

அடுத்து குரல். கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரைச்சீலையும் துணியும் உள்ள அறையில் பேசினால் எதிரொலி குறையும். ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனிக் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். குரலின் நீளம்தான் காட்சியின் நீளம். அசைவுகளை முடித்துவிட்டுக் கடைசியில் குரலைத் திணித்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

2. பாத்திரத்தைத் துண்டுகளாக வரையுங்கள்

ஸ்லைடின் அளவை முதலிலேயே முடிவு செய்யுங்கள். டிவியிலும் புரொஜெக்டரிலும் காட்ட 16:9, கைப்பேசியில் நிமிர்ந்த படமாகப் பார்க்க 9:16. பாதி வேலையில் மாற்றினால் எல்லாம் இடம் பெயர்ந்துவிடும்.

ஓவியம் தெரியாது என்று தயங்க வேண்டாம். தலைக்கு வட்டம், உடலுக்கு முனை வளைந்த செவ்வகம், கைக்கு ஒரு நீள்வடிவம் போதும். 'மெர்ஜ் ஷேப்ஸ்' வசதியால் வடிவங்களை ஒட்டலாம், வெட்டலாம். 'எடிட் பாயிண்ட்ஸ்' வசதியால் ஓரங்களை வளைக்கலாம். தலை, உடல், மேல்கை, முன்கை ஒவ்வொன்றும் தனி உருவமாக இருக்கட்டும். 'செலக்‌ஷன் பேன்' பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் பெயரிடுங்கள். இருபது உருவங்கள் சேர்ந்த பிறகு பெயர் இல்லாமல் எதையும் தேட முடியாது.

கையைச் சுழற்றும்போது ஒரு சிக்கல் வரும். 'ஸ்பின்' என்ற சுழற்சி அனிமேஷன் எப்போதும் உருவத்தை அதன் நடுப்புள்ளியைச் சுற்றியே சுழற்றும். கை தோளிலிருந்து அசைய வேண்டுமே! கையை ஒரு நகல் எடுத்து, 180 டிகிரி திருப்பி, தோளுக்கு மறுபக்கத்தில் நேர்கோட்டில் வையுங்கள். நகலின் நிறத்தையும் கோட்டையும் நீக்கிவிட்டு இரண்டையும் குரூப் செய்யுங்கள். இப்போது குரூப்பின் நடுப்புள்ளி தோளில் இருக்கிறது. ஸ்பின் கொடுத்தால் கை இயல்பாக உயரும். தலையாட்டுவது, கதவு திறப்பது, கடிகார முள் நகர்வது எல்லாவற்றுக்கும் இந்த உத்தி உதவும்.

3. அசைவில் உயிர் இருக்க

முதல் வேலையாக, கிளிக் செய்தால் மட்டும் அசையவைக்கும் 'ஆன் கிளிக்' என்பதை எல்லா இடத்திலும் மாற்றுங்கள். ஒன்றோடு ஒன்று நடக்க 'வித் பிரீவியஸ்', ஒன்று முடிந்து மற்றொன்று நடக்க 'ஆஃப்டர் பிரீவியஸ்'. பழகியவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் வித் பிரீவியஸில் வைத்துவிட்டு, 'டிலே' நேரத்தைக் குரலுக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பார்கள். 'அனிமேஷன் பேன்' பட்டியலில் உள்ள பட்டைகளை இழுத்தும் இதைச் செய்யலாம்.

டிஸ்னியில் பணியாற்றிய ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981இல் வெளியிட்ட நூலில் அனிமேஷனின் 12 அடிப்படை விதிகளைத் தொகுத்தார்கள். தொடக்கத்தில் இரண்டு போதும்.

ஒன்று, அசைவு மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிய வேண்டும். 'மோஷன் பாத்' அமைப்பில் 'ஸ்மூத் ஸ்டார்ட்', 'ஸ்மூத் எண்ட்' இரண்டும் இதற்குத்தான். எந்திரம் சீரான வேகத்தில் நகரலாம், மனிதன் நகர்வதில்லை.

இரண்டு, செயலுக்கு முன் ஒரு தயாரிப்பு வேண்டும். பின்னை இழுக்கும் கை, சட்டென்று இழுக்காமல் முதலில் இம்மியளவு முன்னே போய்ப் பிறகு பின்னே வரட்டும். பார்ப்பவரின் கண் அங்கே போய்ச் சேர அந்த அரை விநாடி தேவை.

பவர்பாயிண்ட் 2019 பதிப்பிலோ மைக்ரோசாஃப்ட் 365லோ 'மார்ஃப்' என்ற டிரான்சிஷன் இருக்கிறது. ஸ்லைடை நகல் எடுத்து, நகலில் உருவங்களை இடம் மாற்றி, பெரிதாக்கி, அந்த ஸ்லைடுக்கு மார்ஃப் கொடுத்தால் இடைப்பட்ட அசைவை மென்பொருளே உருவாக்கிவிடும். கேமரா நெருங்குவதுபோலக் காட்ட இதைவிட எளிய வழியில்லை. ஒரு உருவம் வேறொன்றாக மாற வேண்டுமானால், இரண்டு ஸ்லைடிலும் அதற்கு ஒரே பெயரை, முன்னால் இரண்டு ஆச்சரியக்குறியோடு கொடுங்கள்.

எல்லாம் அசைந்தால் எதுவும் கண்ணில் படாது. ஒரு நேரத்தில் ஒரு அசைவு போதும். பறந்து வரும் எழுத்துகளும் சுழலும் தலைப்புகளும் வேண்டவே வேண்டாம்.

4. வீடியோவாக எடுப்பது

'டிரான்சிஷன்ஸ்' பகுதியில் மவுஸ் கிளிக்கை நீக்கி, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நேரம் குறியுங்கள். குறிக்காவிட்டால் வீடியோவாக்கும்போது ஸ்லைடுக்கு ஐந்து விநாடி என்று மென்பொருளே எடுத்துக்கொள்ளும். பிறகு 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்', 'கிரியேட் எ வீடியோ'. 1080பி தரம் போதுமானது. பின்னணி இசைக்குச் சினிமாப் பாட்டை எடுக்காதீர்கள், அதற்கு உரிமைச் சிக்கல் உண்டு. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது.

வெளியிடும் முன், விஷயம் தெரியாத ஒருவருக்கு ஒரு முறை போட்டுக் காட்டி, "என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேளுங்கள். நான்கு செயல்களையும் வரிசையாகச் சொன்னால் படம் தேறியது.

வேலையில் இது எங்கே உதவும்?

மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். திருப்பூர், கோவை ஆலைகளில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஏராளம். குரலையும் எழுத்தையும் மட்டும் மாற்றினால் அதே படம் ஒடியாவிலும் இந்தியிலும் தயார். கேமராவில் எடுத்த வீடியோவில் இவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை செவிலியர், மனிதவளத் துறை ஊழியர் என எவருக்கும் இது பொருந்தும்.

வெளி வேலையாக எடுப்பவர்கள், ஒரு நிமிடப் படங்கள் மூன்றை மாதிரிக்குத் தயாராக வைத்திருங்கள். எழுத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே வரையத் தொடங்குங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

உதட்டசைவு, நீண்ட கதை, முப்பரிமாணம் என்று ஆசை வளர்ந்தால் பவர்பாயிண்ட் போதாது. அப்போது பிளெண்டர் என்ற இலவச அனிமேஷன் மென்பொருளுக்குப் போகலாம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வென்ற லாட்வியப் படம் 'ஃப்ளோ' அதில்தான் உருவானது. அங்கே போனாலும் எழுத்து, குரல், நேரக்கணக்கு என்ற இந்தப் பயிற்சி அப்படியே கைகொடுக்கும். இந்த வாரமே உங்கள் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லும் படத்தை எடுத்துவிடுங்கள்.